கார்த்திகை மாலைக்காகக் குடியைத் திடீரென நிறுத்தலாமா? அண்ணனுக்காக ஒரு கேள்வி

கேள்வி: சிவகங்கைத் தங்கை

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் மூத்த அண்ணனுக்கு 44 வயது. கொத்தனார் வேலை செய்கிறார். பல ஆண்டுகளாகக் குடிக்கிறார். இப்போது நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர், சனிக்கிழமை கூலி வந்தால் மூன்று என்ற அளவில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் கை நடுங்குவதால், முதல் நாள் இரவே சிறிது மிச்சம் வைத்து, அதைக் குடித்த பிறகுதான் கரண்டியைப் பிடிக்க முடிகிறது என்று அவரே சொல்கிறார்.

வருகிற கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்ளப் போவதாகவும், அன்றோடு குடியைத் தலைமுழுகப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் சென்ற ஆண்டும் இப்படித்தான் மாலை போட்டார். மறுநாளே வியர்த்துக் கொட்டியது, உறக்கமே இல்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லிக் கையால் தட்டிக்கொண்டே இருந்தார். இறந்துபோன எங்கள் அப்பாவோடு பேசினார். எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சாமி இறங்கியிருக்கிறது என்று சிலர் திருநீறு பூசினார்கள். விரத வீட்டில் தீட்டு நேர்ந்துவிட்டது என்று வேறு சிலர் அண்ணியைக் குறை சொன்னார்கள். விடியற்காலையில் உடன் வேலை செய்பவர் ஒருவர் மாலையைக் கழற்ற வைத்து ஒரு குவார்ட்டரை வாங்கிக் கொடுத்த பிறகு, அன்று பொழுது சாய்வதற்குள் ஓரளவு அடங்கினார். "அது இல்லாமல் என் உடம்பு தாங்காது, நீங்களே பார்த்தீர்கள் அல்லவா?" என்று அன்றிலிருந்து அவர் கேட்கும்போது எங்களிடம் பதில் இல்லை.

இந்த ஆண்டு மாலை போட விடலாமா? அண்ணி, விளம்பரத்தைப் பார்த்து, உணவில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்கச் செய்யும் என்ற பொடி ஒன்றை வரவழைத்து வைத்திருக்கிறார், அதைக் கொடுக்கலாமா? உறவினர் ஒருவர், தமக்குத் தெரிந்த மறுவாழ்வு மையத்தில் சொன்னால் இரவில் ஆட்கள் வந்து தூக்கிச் சென்றுவிடுவார்கள், மூன்று மாதம் கழித்துத் திருந்திய மனிதராகத் திரும்புவார் என்கிறார். அதற்கும் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: மனநலப் பிரிவு மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆளைப் பார்க்காமல் மருந்தின் அளவை யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். ஆயினும், நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டே சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

சென்ற ஆண்டு உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது சாமியும் அல்ல, தீட்டும் அல்ல. இதை முதலில் உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள். குடியைத் திடீரென நிறுத்தினால் வரக்கூடிய டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் கடும் நிலைக்கு எங்கள் பாடநூல்கள் தரும் வருணனை, நீங்கள் எழுதிய அந்த மூன்றாம் நாள் இரவோடு ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்துகிறது. மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். அது நாள்தோறும் உள்ளே வந்துகொண்டே இருந்தால், மூளை அதை ஈடுகட்டுவதற்காகத் தன் தூண்டல் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மது ஒரே நாளில் நின்றுபோனால், மந்தப்படுத்த எதுவும் இல்லாமல் கூட்டி வைத்த வேகம் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஏறத்தாழ 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி ஆகியவை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணியிலிருந்து 96 மணிக்குள் குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும், காய்ச்சலும், இரத்த அழுத்த ஏற்றமும் சேர்ந்த அந்தக் கடும் நிலை வரலாம். மருத்துவம் இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு அவர் வீட்டிலேயே தேறியது நல்வாய்ப்பு என்றுதான் சொல்வேன். மேலும், ஒருமுறை இந்த நிலைக்குப் போனவர் அடுத்த முறை நிறுத்தும்போதும் அங்கே போவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திடீரென நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் மாறி மாறி நடந்தால், ஒவ்வொரு முறையும் தொந்தரவு கடுமையாவதுண்டு.

இதிலிருந்து, அவர் மாலை போடவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மாலை போடட்டும், ஆனால் மாலைக்கு முன்பு மருத்துவமனை. ஐப்பசி நடுவிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ சேர்த்துவிடுங்கள். கலங்கரை என்ற பெயரில் தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய போதை மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே இயங்குகின்றன. உங்களுக்கு அருகில் உள்ளதை 104 என்ற எண்ணில் கேட்டு அறியலாம். உள்நோயாளியாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருந்தால், குளோர்டையசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகளை முதலில் போதிய அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பின்னர் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இதையெல்லாம் இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பவர் சோர்ந்து விழுந்தால் அருகிலுள்ள கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருவது நம் ஊர்களில் வழக்கம். பல ஆண்டுகள் குடித்தவர்கள் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் மிகக் குறைந்திருக்கும். குளுக்கோஸைப் பயன்படுத்திக்கொள்ள உடலுக்கு இந்த வைட்டமின் தேவை. ஆகவே தயமின் ஊசியைத் தாமதிக்காமல், குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனேயோ போட வேண்டும். அதை விட்டுவிட்டால், நடை தள்ளாடி, கண் அசைவு பாதிக்கப்பட்டு, குழப்பம் மிகுந்து, நினைவாற்றல் நிலையாகவே அழிந்துபோகும் நோயில் கொண்டுபோய் விடக்கூடும். விரதத்தில் ஒருவேளை மட்டும் உண்பவர்களுக்கு இந்தக் குறைபாடு இன்னும் கூடும். எனவே இந்த ஆண்டு அவர் மூன்று வேளையும் சைவ உணவு உண்டு விரதம் இருப்பதற்குக் குருசாமியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மறுக்கும் குருசாமியை நான் இதுவரை கண்டதில்லை.

மருத்துவமனையில் சேரும் நாள்வரை, அவரைத் திடீரென நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். மருத்துவர் ஒருவர் இப்படிச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவருக்கு அதுவே பாதுகாப்பான ஆலோசனை. அளவு கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வெறும் வயிற்றில் குடிக்க விடாதீர்கள்; குடித்திருக்கும்போது சாரத்தில் ஏறவோ வண்டி ஓட்டவோ கூடாது என்பதை மேஸ்திரியிடமும் சொல்லி வையுங்கள்.

மறுமொழி: ராமநாதபுரத்தான்

மருத்துவர் ஐயா கூறுவதை மதிக்கிறேன். இருந்தாலும் இது சற்று மிகையாகத் தெரிகிறது. என் தாய்மாமன் மாலை போட்ட அன்று நிறுத்தினார், ஒரு மாத்திரைகூட உட்கொள்ளவில்லை, இன்றுவரை தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்தியவர்கள் பலர் இருக்கிறார்கள். மன உறுதியும் தெய்வ நம்பிக்கையும் இருந்தால் போதும் என்பதே என் கருத்து. மருத்துவமனை என்று சொன்னாலே கிராமத்து மனிதர் பின்வாங்கிவிடுவார்.

மறுமொழி: மனநலப் பிரிவு மருத்துவர்

உங்கள் மாமனைப் போன்றவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மதுவுக்கு அடிமையான எல்லோருக்கும் கடும் தொந்தரவு வருவதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, குடியை நிறுத்தும்போது தோன்றும் விலகல் அறிகுறி ஏதேனும் ஒரு வகையில் வரும். அவர்களுள்ளும் சிறு பகுதியினருக்கே வலிப்பும் பிதற்றலும் வரும். யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்: குடிக்கும் அளவு, காலையிலேயே குடிப்பது, முன்பு ஒருமுறை வந்திருப்பது ஆகிய மூன்றும் முக்கியமான அடையாளங்கள். சகோதரியின் அண்ணனுக்கு மூன்றுமே இருக்கின்றன.

அளவைச் சற்று விளக்குகிறேன். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் தூய ஆல்கஹால் மட்டும் ஏறத்தாழ 60 கிராம். இரண்டு குவார்ட்டர் என்றால் நாளொன்றுக்கு 120 கிராம். பீர்தானே என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி: 8 விழுக்காடு வலுவுள்ள 650 மில்லி பீர் ஒரு புட்டியில் 40 கிராமுக்கு மேல் இருக்கிறது. இவ்வளவு ஆல்கஹாலை ஆண்டுக்கணக்காக வாங்கிப் பழகிய மூளையிடம், மன உறுதி எவ்வளவு இருந்தாலும், வலிப்பு வராதே என்று கட்டளையிட முடியாது.

திடீர் நிறுத்தம் பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஊரடங்கில் பார்த்தோம். தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலையில் மூடிய டாஸ்மாக் கடைகள் மே மாதத்தில்தான் மீண்டும் திறந்தன. கேரளத்தில் நிலைமை கைமீறுவதைக் கண்டு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அம்மாநில அரசே ஆணையிட்டது. மதுவை மருந்தாக எழுதித் தர முடியாது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. அந்த எதிர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஏனெனில் அதற்கு உரிய மருந்து வேறு இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கிறது.

கயிறு கட்டுவதை நான் இகழவில்லை. சென்ற ஆண்டைப் போன்ற ஓர் இரவு வராமல் தடுக்கக் கயிற்றால் இயலாது. ஆனால் அந்த இரவைக் கடந்தபின் மனிதரைத் தாங்கி நிறுத்த அதனால் இயலும்.

மறுமொழி: மருந்துக்கடைக்காரர்

அண்ணி வாங்கி வைத்திருக்கும் பொடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், நான் மருந்தாளுநர். தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி என்று விற்கப்படுபவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்பது அட்டையில் பெரும்பாலும் இருக்காது. மூலிகை என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அது வெறும் மூலிகையாக இருந்தால் உங்கள் பணம் மட்டும் போகும். டைசல்ஃபிரம் கலந்திருந்தால் ஆளே போகலாம்.

டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான். மது உடலில் சிதையும்போது இடையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளை மேற்கொண்டு சிதைய விடாமல் அது தடுக்கிறது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த அச்சமே அவரைக் குடிக்காமல் காக்கிறது. ஆகவே, தாம் உட்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது மருந்து. தெரியாத ஒருவர் சாம்பாரோடு அதை உண்டுவிட்டு மூன்று குவார்ட்டர் குடித்தால், அதன் விளைவை வீட்டில் யாராலும் சமாளிக்க முடியாது. மருத்துவர் அதைத் தொடங்கும்போது, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று பார்ப்பார்; கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதிப்பார்; ஒப்புதல் பெறுவார். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை விளைவு இருக்கக்கூடும் என்பதையும், ஆல்கஹால் உள்ள இருமல் மருந்து, அரிஷ்ட வகைகள் ஆகியவற்றைக்கூடத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். இப்படி எதுவும் சொல்லாமல் தபாலில் வரும் பொடியைக் குப்பையில் போடுங்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியை நிறுத்தப் போகிறோம், உறக்கம் வருவதற்கு மட்டும் மாத்திரை கொடுங்கள் என்று கார்த்திகை மாதத்தில் கடைக்கு வருபவர்கள் அதிகம். அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயரையும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் உறக்க மாத்திரையும் மதுவும் உடலில் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உறக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். மதுவை விட்டு மாத்திரைக்கு அடிமையானவர்களையும் பார்க்கிறோம். டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் சிக்கும் செய்திகளை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். மருத்துவமனை உறக்க மாத்திரை கொடுத்து அனுப்பினால், அதை அண்ணியோ நீங்களோ பூட்டி வைத்து, எழுதிய அளவில் எழுதிய நாள்வரை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

மறுமொழி: சட்ட உதவித் தன்னார்வலர்

இரவில் வந்து தூக்கிச் செல்லும் மையம் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதைப் பொருட்களால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. எனவே இவர்களைச் சேர்த்து மருத்துவம் செய்யும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவாக நோயாளி தாமே ஒப்புக்கொண்டு சேர்வதே சட்டம் விரும்பும் வழி. முடிவெடுக்க இயலாத அளவுக்கு நோய் முற்றியவரை, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் செயல்படச் சட்டப்படி உரிமை பெற்றவர், விண்ணப்பித்து, இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்துச் சொன்ன பிறகு, 30 நாள் வரை சேர்த்து வைக்க இடமுண்டு. உறவினர் தொலைபேசியில் சொன்னார், வண்டி அனுப்பினோம் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அதே சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்றும், கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டம் இயற்றியவர்கள் இவற்றைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சில மையங்களின் நடைமுறை எப்படி இருந்தது என்பதை நீங்கள் உணரலாம். உறவினர் சொன்ன மையம் நல்லதாகவே இருக்கக்கூடும், எனக்குத் தெரியாது. நேரில் சென்று பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டு செல்வார்கள், குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மேலே மருத்துவர் சொன்ன கடும் நிலை, மருத்துவர் இல்லாத மையத்தின் பூட்டிய அறையில் மூன்றாம் நாள் இரவு வந்தால், அதை அடங்காமை என்று எண்ணி அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பதிலாக, போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றில் பேசிப் பாருங்கள். தமிழிலேயே பேசலாம்.

காலை நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. நடுக்கத்தோடு விழித்து, மிச்சம் வைத்ததும் தீர்ந்துபோன நாளில், திருட்டுத்தனமாக விற்கும் எதையும் வாங்கிக் குடிக்கத் தயங்க மாட்டார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலின் விளைவு பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், குடித்தவர்கள் முதலில் சாதாரண வயிற்று வலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். வயிற்று வலியோடு பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிகிச்சைக்குச் சேரும் நாள்வரை, அரசுக் கடை தவிர வேறெங்கும் வாங்க வேண்டாம் என்று அண்ணனிடம் வெளிப்படையாகவே பேசி வையுங்கள்.

மறுமொழி: திருவாரூர்க்காரன்

பல ஆண்டுகளுக்கு முன்பு குடியை விட்டவன் நான். நிறுத்துவது எப்படி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். மாலையைக் கழற்றும் நாளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாலை போட்டவரை ஊரே சாமி என்று அழைக்கிறது. மனைவி சாமி என்கிறார், பிள்ளைகள் சாமி என்கிறார்கள், கடன் கொடுத்தவர்கூடச் சாமி என்று மரியாதையாகக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்கிறார். விடியற்காலையிலும் அந்தியிலும் குளியல், பூசை, மாலையில் பஜனை, உடன் வருவதற்கு நாலைந்து சாமிகள். குடிக்கும் நண்பர்கள் தாமாகவே விலகி நிற்கிறார்கள். அடிமைப்பட்டவருக்கு மதிப்பும் ஒழுங்கும் துணையும் தேவை என்று மீட்பு மையங்கள் பாடுபட்டு உண்டாக்கும் சூழலை, கார்த்திகை மாதம் செலவில்லாமல் உண்டாக்கித் தருகிறது. 41 நாள் தாக்குப்பிடிப்பது அதனால்தான். மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிய அந்த நொடியில் அவ்வளவும் ஒரே சமயத்தில் போய்விடுகிறது. நேற்றுவரை சாமியாக இருந்தவர் இன்று பழைய பெயருக்குத் திரும்புகிறார். விரதம் காத்துவிட்டோம், இனி அளவாகக் குடிக்கலாம் என்று மனமும் சொல்லத் தொடங்கும். ஊர் திரும்பும் வண்டியைக் கடையோரம் நிறுத்தச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சற்றுப் பொறுத்துப் பொங்கலும் வந்துவிடும். விடுமுறையும் கையில் காசும் சேர்ந்து வரும் அந்த வாரம் மிகவும் கடினமானது.

ஆகவே, மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எனக்கு உதவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவில் குடியை விட முயன்ற இருவர் தொடங்கியது. இன்று தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பம் மட்டுமே தகுதி. மாலை கழற்றும் வாரத்தில்தான் முதல் கூட்டம் என்று வைக்காமல், விரதம் இருக்கும்போதே அழைத்துச் சென்றுவிடுங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. தீட்டுப் பழியைச் சுமந்த உங்கள் அண்ணிக்கு அது அண்ணனைவிடவும் தேவைப்படலாம். எங்கள் மாவட்டத்து மஞ்சக்குடியில் சென்னை டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை, கிராமத்துக்கே வந்து முகாம் நடத்தியிருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய அமைப்பு அது. அங்கே குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஊரில் மரியாதை உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் அந்த இடத்தில் குருசாமி இருக்கிறார். மாலையைக் கழற்றும்போது, வாரம் ஒருநாள் பஜனைக்கு வர வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனால் தட்ட முடியாது.

சனிக்கிழமைக் கூலியை என்ன செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும். அவர் சம்மதித்தால் மேஸ்திரி அண்ணியின் கணக்கில் செலுத்தலாம். சம்மதம் இல்லாமல் பிடுங்கினால் அதுவே சண்டைக்கும், பிறகு குடிக்கும் காரணமாகிவிடும். இடையில் ஒருநாள் சறுக்கிவிட்டால், எல்லாம் போயிற்று என்று வீடு ஒப்பாரி வைக்க வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

மறுமொழி: சிவகங்கைத் தங்கை

எல்லோருக்கும் நன்றி. பொடியை நேற்றே கொட்டிவிட்டோம். குருசாமியிடம் நானும் அண்ணியும் சென்று பேசினோம். மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டியதும், "உடம்பைச் சரிசெய்துகொண்டு வரட்டும், இரண்டு நாள் தள்ளிப் போட்டாலும் மாலை மாலைதான்" என்று சொல்லிவிட்டார். அண்ணனையும் அவரே கூப்பிட்டுப் பேசினார். ஐப்பசி 15க்குப் பிறகு மதுரையில் சேர அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்து நாள் கூலி போகுமே என்ற கவலை அவருக்கு. அதை நானும் தம்பியும் பார்த்துக்கொள்வோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அதற்கு முன்பே வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அக்கம்பக்கத்தில் இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மறுமொழி: மனநலப் பிரிவு மருத்துவர்

சாவியால் எந்தப் பயனும் இல்லை. அதைத் தேடும் நேரத்தில் 108க்கு அழைத்துவிடலாம். பல்லுக்கிடையே கரண்டியோ துணியோ வைக்காதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அருகிலுள்ள கொத்துக்கரண்டி, கல், அடுப்பு போன்றவற்றை அகற்றி, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க அதுவே வழி. ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இரண்டாவது வலிப்பு சில மணி நேரத்தில் வரலாம்.

வலிப்பு இல்லாமலே காய்ச்சல், இடம் தெரியாத குழப்பம், இல்லாதவை தெரிவது ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே கொண்டு வாருங்கள். சேர்க்கும் நாளன்று அவர் உட்கொள்ளும் பிற மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். சென்ற ஆண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று அண்ணனிடமும் சொல்லி வையுங்கள். முதல் மருந்தின் அளவையும் நேரத்தையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.